ஊறுக்காய்

ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் எங்கள் வீட்டில் அப்பளம் கிடையாது. முருங்கைக்காய் கிடையாது, அதை உறிஞ்சுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும்; ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிக்கக் கூடாது; தட்டைத் தரையில் வைக்கும்போது பூனை கால் வைக்கிற மாதிரி வைக்க வேண்டும். கல்யாணம் பேசும்போது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லையே என்று என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். என்ன செய்வது, நாங்கள் குடியிருப்பது நாமக்கல்லில், லாரி பாடி கட்டுகிற பட்டறைக்கு மேல்மாடியில். காலை எட்டரைக்குக் கீழே தகரத்தை அடிக்க ஆரம்பித்தால் டங்கு டங்கு டங்கு என்று ஒரு மணிக்குத்தான் நிற்கும், இரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்துவிடும். லாரிக்கு பாடி. நான்காம் வேற்றுமைக்குப் பின்னால் வல்லினம் மிகும் என்று புத்தகம் சொல்கிறது, அப்படியென்றால் லாரிக்குப் பாடி என்று சொல்ல வேண்டும், சொல்லிப் பார்த்தால் லாரியைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிற மாதிரி இருக்கிறது. இப்படித்தான் ஆகிவிட்டது என் புத்தி, பத்து நாளாக எந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தாலும் நடுவில் ஒரு க் போடலாமா வேண்டாமா என்று நின்றுவிடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆதினி தூங்குவாள், இரண்டு வயது முடிந்தும் தொட்டிலில்தான் தூங்குவேன் என்கிற கழுதை, கால் இரண்டும் வெளியே தொங்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, செல்போனை முகூர்த்தப் புடவைமேல் சாய்த்து வைத்து, சத்தமாகப் புத்தகம் படிப்பேன். எனக்காக இல்லை. கண் தெரியாத பிள்ளைகளுக்காக. நான் படித்துப் பதிவு செய்து அனுப்புவேன், அவர்கள் காதில் மாட்டிக் கேட்டு மனப்பாடம் பண்ணிப் பரீட்சைக்குப் போவார்கள். குளியலறையில் படித்துப் பார்த்தேன், கிணற்றுக்குள்ளிருந்து சாமி பேசுகிற மாதிரி இருந்தது. சமையல்கட்டில் ஃப்ரிட்ஜ் முனகியது. போர்வைக்குள் படித்ததில் வேர்த்துக் கொட்டிப் புத்தகமே நனைந்தது. பீரோதான் தோதுப்பட்டது, அந்துருண்டை நெடி மட்டும் மூக்கைப் பிடித்து இழுக்கும், அரைப் பக்கத்துக்கு ஒரு தும்மல், அவ்வளவுதான்.

இன்றைக்கு டங்கு நின்றுவிட்டது, மணி ஒன்று, ஆனால் என் தலை பீரோவில் இல்லை, இட்லிக் குண்டானுக்கு மேலே இருக்கிறது. குண்டானில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவிக்கு மேலே ஓர் இலக்கணப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கை சுடுகிறது. எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்னால் வந்த குரல் செய்தியால். ஜெயராக்கினி. முகம் பார்த்ததில்லை, புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஊர், பிறந்ததிலிருந்து பார்வை இல்லை, பி.ஏ. தமிழ் படிக்கிறாள், இலக்கணத் தாளில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. இந்த மூன்றாவது தடவை தேறினால் பி.எட். சேரலாம், தமிழ் டீச்சராகலாம், இல்லாவிட்டால் அந்த வருஷமும் போச்சு. பரீட்சை நாளைக்குக் காலையில். முதல் தடவை நான் படித்து அனுப்பியபோது அவள் நன்றி சொல்லவில்லை, அக்கா உங்க வீட்டுக் குக்கர்ல மூணு விசில்தான் வைக்கிறீங்க, பருப்பு வேகாது, நாலு வைங்க என்றாள், அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று, பருப்பும் உண்மையில் வேகவில்லை. அப்பேர்ப்பட்டவள் இன்றைக்கு மூச்சுவிடாமல் பேசி அனுப்பியிருக்கிறாள். “அக்கா, ஒரு சந்தேகம். உம்மைத்தொகையில வல்லினம் மிகும்னு படிச்சிருக்கீங்க. அப்ப தாய்தந்தை கிடையாதா, தாய்த்தந்தையா? வினைத்தொகையிலயும் மிகுமாம். அப்ப ஊறுகாய் ஊறுக்காயா? நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்டு ரீட்டாகூடப் பெரிய சண்டைக்கா. ஊறுக்காய்தான்டி, எங்க கோகிலாக்கா படிச்சிருக்காங்க, அவங்க தப்பாப் படிக்க மாட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அப்புறம் லேசா ஒரு சந்தேகம். பரீட்சை ஊருக்குப் போக ரெண்டே காலுக்கு பஸ்சு, பஸ் ஏறிட்டா ராத்திரி வரைக்கும் டவர் கிடைக்காது. அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க. ஊறுக்காய்னே மனப்பாடம் பண்ணிட்டேன்க்கா.”

ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்தாம் பக்கம். வல்லினம் மிகும் இடங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், ஏழு. சரியாகத்தானே இருக்கிறது, ஆறுக்கு அப்புறம் ஏழுதானே வரும், நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகுதான் மேலே மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன், நாற்பத்தெட்டு. நடுவில் இரண்டு பக்கத்தைக் காணோம். தாளைத் தடவினால் அப்பளம் மாதிரி மொடமொடவென்று தடிமனாக இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பழுப்பாக ஒரு வட்டம், முகர்ந்து பார்த்தால் கேழ்வரகுக் கூழ். ஆதினி. போன வாரம் ஒரு நாள் கிண்ணத்தோடும் புத்தகத்தோடும் மூலையில் உட்கார்ந்து ஆ காட்டு ஆ காட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பொம்மைக்கு ஊட்டுகிறாள் என்று நானும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். புத்தகம் வாயைத் திறந்திருக்கிறது, ஒரு கரண்டி உள்ளே வைத்து மூடிவிட்டாள். பிள்ளையைத் திட்டவும் முடியவில்லை, நான் அவளுக்கு எப்படி ஊட்டுகிறேனோ அப்படித்தான் அவள் இலக்கணத்துக்கு ஊட்டியிருக்கிறாள். ஆக, மிகும் இடங்களில் ஏழிலிருந்து பன்னிரண்டு வரையும், மிகா இடங்கள் என்ற தலைப்பும், அதில் ஒன்றிலிருந்து ஆறு வரையும் கூழுக்குள் இருக்க, நான் பாட்டுக்கு மிகும் இடங்கள் ஆறு, அப்புறம் ஏழு உம்மைத்தொகை, எட்டு வினைத்தொகை என்று, எங்கே மிகவே கூடாதோ அதையெல்லாம் மிகும் மிகும் என்று கணீரென்று படித்துத் தள்ளியிருக்கிறேன். அதுவும் அன்றைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, நல்ல பதிவு என்று எனக்கே ஒரு பெருமை.

நாளைக்குப் பரீட்சைக் கூடத்தில் என்ன நடக்கும் என்று ஆவியில் நின்றபடியே தெரிகிறது. ஜெயராக்கினி சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு பெண்ணை உட்கார வைத்திருப்பார்கள், அந்தப் பெண் ஊறுகாய் என்று எழுதும், இவள் விடமாட்டாள், இல்லை, நடுவில் க் போடுங்கள், எங்கள் அக்கா படித்திருக்கிறார் என்பாள். திருத்துகிறவர் படிப்பார், சிரிப்பார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார், இரண்டு பேரும் சிரித்து முடித்து முட்டை போடுவார்கள். ஒருவேளை அவருக்கும் தூக்கக் கலக்கமாக இருந்து பாஸ் போட்டுவிட்டால் அது இன்னும் மோசம், அவள் டீச்சராகிவிடுவாள், வருஷத்துக்கு நாற்பது பிள்ளை, அந்த நாற்பதும் ஊறுக்காய் என்று எழுதும், அதில் ஒன்று வளர்ந்து ஊறுகாய்க் கம்பெனி வைக்கும், பாட்டில் பாட்டிலாக எலுமிச்சை ஊறுக்காய், மாங்காய் ஊறுக்காய், கடைசியில் நான் மளிகைக் கடையில் நின்று அந்த பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கையில் எனக்கு அறுபது வயதாகியிருக்கும், இதைச் செய்தது நான்தான் என்று யாரிடமும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் எங்கள் தமிழய்யா என் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் க், ச், த், ப் போட்டுப் போட்டே பேனாவைத் தீர்ப்பார். ஏம்மா கோகிலவாணி, உன் எழுத்தில் புள்ளிக்கு மட்டும் பஞ்சமா என்பார். ஆனால் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேறு யாரையும் எழுப்ப மாட்டார், உனக்குத்தான் வாய் இருக்கிறது, நீ படி என்பார், நான் எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தால் மூன்றாவது பெஞ்சுவரைக்கும் முழித்துக்கொள்வார்கள். பெயர்தான் கோகிலவாணி, பாட்டுப் போட்டியில் ஒரே வரியில் உட்கார வைத்தார்கள். படிப்பது வேறு. எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் வாய் தானாகப் படிக்கும் எனக்கு, மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பஸ்ஸில் முன் சீட்டின் முதுகில் கிறுக்கியிருப்பது, எல்லாம். ஆதினிக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசையும் அப்படித்தான் சத்தமாகப் படித்தேன், பார்வையற்ற மாணவர்களுக்கு வாசித்து உதவக் குரல்கள் தேவை, ஊதியம் இல்லை. படித்து முடித்ததும் பக்கத்தில் நின்ற நர்சம்மா, நல்லாத்தானே படிக்கறீங்க, போன் பண்ணுங்களேன் என்றார். அவ்வளவுதான் கதை.

“இன்னிக்குப் புத்தகத்துல இட்லியா?” பின்னால் சத்தம், இல்லை, சத்தம் இல்லை, குசுகுசு, சட்டம் அப்படி. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் சாப்பிட வந்துவிட்டார், கீழே அதே பட்டறையில்தான் வேலை, லாரிக்குப் பெயின்ட் அடித்துப் பூப் போட்டுப் பேர் எழுதுகிறவர், முழங்கைவரைக்கும் மஞ்சளும் பச்சையும். மாமா, பேசாதீங்க, கொலை விழுந்துருச்சு என்றேன். யாரு செத்தது என்றார். ஜெயராக்கினியோட பரீட்சை என்றேன். கீரைக் கடைசலையும் தயிரையும் ஊற்றிக் கொடுத்தேன், சத்தம் வராத சாப்பாடு இரண்டும், ஆறு மாதமாக மனிதர் இந்த இரண்டையும் மாற்றி மாற்றித் தின்கிறார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தால் அவர் உறிஞ்சுகிற உறிஞ்சில் ஆறு நாள் கணக்கும் தீரும். ஆவிபட்டுத் தாளின் ஓரம் நெகிழ்ந்தது. நெகிழ்ந்த இடத்தில் தோசைத் திருப்பியின் நுனியை விட்டு மெல்ல மெல்ல நெம்புகிறேன், ஆதினி தூங்கும்போது அவள் கைவிரலைப் பிரித்து மிட்டாயை எடுக்கிற மாதிரி. மணி ஒன்று பத்து. வருகிறது. வருகிறது. நாற்பத்தாறு ஒரு பக்கம், நாற்பத்தேழு ஒரு பக்கம், பிரிந்துவிட்டது, நடுவில் கூழ் வட்டம் மட்டும் கொஞ்சம் கிழிந்து... அங்கேதான் சனி உட்கார்ந்திருக்கிறது. நாற்பத்தாறில் ஏழாவது: இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ வெளிப்பட்டு வந்தால் மிகும், எடுத்துக்காட்டு, வேலை, அப்புறம் கூழ், அப்புறம் கொடு. அதற்கு நேர் எதிரே நாற்பத்தேழில், மிகா இடங்கள், முதலாவது: இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து வந்தால் மிகாது, எடுத்துக்காட்டு, வேலை, கூழ், கொடு. இரண்டிலும் அதே வேலை, அதே கொடு, அதே கூழ். அடைப்புக்குறிக்குள் விளக்கம் இருந்திருக்கிறது, அதை ஆதினி தின்னக் கொடுத்துவிட்டாள்.

வேலைக் கொடு. வேலை கொடு. ஒன்றில் ஐ தெரிகிறதாம், ஒன்றில் ஐ மறைகிறதாம், எனக்கு இரண்டிலும் தெரிகிறதே, லை, லை, இரண்டிலும் ஐ முழித்துக்கொண்டு நிற்கிறதே, எதைப் பார்த்து மறைந்துவிட்டது என்பது. ஒருவேளை கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தால் தெரியும், சின்ன எழுத்தில் மறையும் என்று அர்த்தமோ. ஒரு வேளை, ஒருவேளை. சும்மா இரு, மனசே, அது வேறு வேளை. இந்த வேலை என்கிற வார்த்தையே எனக்கு ராசி இல்லை. போன மாதம் என் நாத்தனார் காந்திமதி வந்திருந்தபோது நான் பீரோவிலிருந்து தலையை எடுத்ததும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “என்ன வேலை அண்ணி இது?” படிக்கிற வேலை என்றேன். “என்ன தருவாங்க?” ஒன்னும் தரமாட்டாங்க என்றேன். “அப்பறம் அதுக்கு ஏன் வேலைன்னு பேரு?” பொழுது போகணுமில்ல என்று சொல்லிவைத்தேன், பச்சைப் பொய், இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் பொழுது எங்கே போகாமல் நிற்கிறது, அதைத் துரத்திப் பிடிக்கத்தானே ஓடிக்கொண்டிருக்கிறேன். புண்ணியம் என்று சொல்லலாம், அதுவும் பொய், புண்ணியத்துக்காக என்றால் இப்படிக் காலையிலிருந்தே ஒரு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். நாள் முழுக்க என் தொண்டை சொல்வது மூன்றே மூன்று வார்த்தை: வேண்டாம், தொடாதே, துப்பு. வேண்டாம், தொடாதே, துப்பு. அந்த ஒரு மணி நேரம்தான் அதே தொண்டை அன்மொழித்தொகை என்று சொல்கிறது, சொல்லி முடித்ததும் அந்த வார்த்தை பீரோவிலிருந்து கிளம்பி, காவிரியைத் தாண்டி, ஒரு பெண்ணின் காதில் போய் உட்கார்ந்து, அவள் அதைத் திருப்பிச் சொல்லி, பிறகு மதிப்பெண்ணாகிவிடுகிறது. இதைக் காந்திமதியிடம் எப்படிச் சொல்வது, இன்னும் இரண்டு நாற்காலி கொண்டு வந்து போடுவாள். வேலை கொடு, வேலைக் கொடு. மணி ஒன்று இருபது. அழுகை வருகிறது, ஆவிதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

“மாமா, வேலைக் கொடுன்னா என்னங்க, வேலை கொடுன்னா என்னங்க?” சும்மாதான் கேட்டேன், சுவரைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. இந்த மனிதரிடம் இலக்கணம் கேட்பது நாமக்கல்லில் இருக்கிற ஒவ்வொரு லாரிக்கும் வேடிக்கை, மெதுவாகச் செல்லவும் என்று எழுதச் சொன்னால் மெதுவாக செல்லவும் என்று எழுதுவார், ச் எங்கேங்க என்று ஒரு நாள் கேட்டதற்கு, ச் போட எடமில்ல அம்மிணி, டீசல் டேங்க் வந்துருது என்றார். இப்போது தயிர்ச் சோற்றை ஓசையில்லாமல் விழுங்கிவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல், “முருகன்கிட்டப் போயி வேலைக் கொடுன்னா வேலக் குடுப்பாரு. எங்க மொதலாளிகிட்டப் போயி வேலை கொடுன்னா வண்டி குடுப்பாரு” என்றார். எனக்குத் தோசைத் திருப்பி கையிலேயே நின்றுவிட்டது. இன்னொருக்காச் சொல்லுங்க. “அட, நேத்துப் பழனிக்குப் போற வண்டிக்கு முன்னாடி வேல் போட்டனல்லோ, அந்த வேல். வேலை-க்-கொடு. மொதலாளிகிட்டப் போயி அப்பிடி அழுத்திக் கேட்டேன்னு வையி, பட்டறையில கெடக்கற கம்பிய எடுத்துக் குத்துவாரு. அதுக்கென்ன இப்ப?” அதுக்கு என்ன இப்பவா! வேல், கூட ஓர் ஐ. அந்த ஐ வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, வந்த ஐ கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் க். முதலாளி கொடுக்கிற வேலைக்கு ஐ கூடப்பிறந்தது, அது உருபே இல்லை, உருபு எங்கேயோ மறைந்துகொண்டது, மறைந்தால் க் இல்லை. ஐயோ, இவ்வளவுதானா, இதற்கா அய்யா பேனாவைத் தீர்த்தார். கையில் எழுதத் தெரியாத மனிதருக்கு வாயில் தெரிகிறது, வாயில் எல்லாருக்கும் தெரிகிறது, ஊறுக்காய் என்று எவனாவது கடையில் கேட்டிருக்கிறானா, நான் படித்ததால் அந்தப் பெண் தன் வாயை நம்பாமல் என் வாயை நம்பிவிட்டது. அவர் கன்னத்தைக் கிள்ளினேன், என் கையிலிருந்த கூழ் அவர் மீசையில் ஒட்டியது. மணி ஒன்று இருபத்தைந்து. பீரோ.

தலை உள்ளே. அந்துருண்டை. செல்போனில் சிவப்புப் புள்ளி. ஜெயராக்கினி, அக்கா பேசறேன்... தும்மல். அழி. ஜெயராக்கினி, ஒரு சின்னத் திருத்தம்... சின்னத் திருத்தமாம், வாத்தியார் வீட்டுப் பிள்ளை மாதிரி, இரண்டு பக்கத்தை விழுங்கிவிட்டுச் சின்னத் திருத்தமா. அழி. நெஞ்சு அடிக்கிறது, அது பதிவில் கேட்குமோ, குக்கரைக் கேட்டவளுக்கு இதுவும் கேட்கும். இதைக் கேட்டதும் அவள் என்ன நினைப்பாள், இந்தக் கோகிலாக்கா வேண்டாம், கோயமுத்தூர் அம்மாவே போதும் என்று சொல்லிவிடுவாளோ. எங்கள் குழுவில் கோயமுத்தூரில் ஓர் அம்மா இருக்கிறார், ஏசி அறை, ரேடியோவில் பேசுகிற மாதிரிக் குரல், அவர் வீட்டில் குக்கரே கிடையாதோ என்னவோ, ஒரு காக்காய்கூடக் கத்தாது. அவங்க ரொம்ப நல்லாப் படிக்கறாங்கக்கா, ஆனா எனக்குத் தூக்கம் வந்துருது என்று ஜெயராக்கினி ஒரு தடவை சொன்னாள், அதை வெல்லக்கட்டி மாதிரி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து ஒரு மணிக்குப் புத்தகம் இல்லை என்றால்? அப்பளம் பொரிக்கலாம். ஒரு மணி நேரம் முழுக்க அப்பளமா பொரிப்பது. வேண்டாம், தொடாதே, துப்பு. சொல்லிவிடு, கழுதை, நேரம் போகிறது. “ஜெயராக்கினி, அக்கா பேசறேன். ஊறுக்காய் இல்லம்மா, ஊறுகாய்தான். தப்பு என்மேல. எங்க பாப்பா புத்தகத்துக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிட்டா, ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு, நான் பக்க எண்ணைப் பாக்காமப் படிச்சுட்டேன். கூழுக்கு முன்னாடி க் வரும். ஊறுகாய்க்கு நடுவுல வராது. ரீட்டா சொன்னதுதான் சரி. இப்ப நாற்பத்தாறாம் பக்கத்துலேர்ந்து மறுபடி படிக்கறேன்.” சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது, காய்ச்சல் விட்ட மாதிரி. ஏழு. எட்டு. ஒன்பது. வாய் அதுபாட்டுக்குப் போகிறது, மிகும், மிகும், மிகும், ஒவ்வொரு க்-கும் பல்லில் மணல் மாதிரி நெரிபடுகிறது. நாற்பத்தேழு. வல்லினம் மிகா இடங்கள். இதை மட்டும் மூன்று தடவை சொன்னேன், மிகா, மிகா, மி-கா. வேலை கொடு, வேலைக் கொடு, முருகன், முதலாளி, புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன், இருக்கட்டும்.

பின்னால் தட்டை எடுக்கிற ஓசை, பூனை மாதிரி, அவர் கழுவி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போகிறார். மணி பார்க்கக்கூடாது, பார்த்தால் நாக்கு குழறும். பார்த்துவிட்டேன், ஒன்று ஐம்பத்திரண்டு. நாற்பத்தெட்டு, இன்னும் ஒரு பக்கமும் அரையும். ஏழு, உம்மைத்தொகையில் மிகாது, தாய்தந்தை, இரவுபகல். எட்டு, வினைத்தொகையில் மிகாது, ஊறுகாய், ஆமாம், ஊறுகாய், ஊறுகாய், ஊறு கா ய். ஒன்பது. தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. தூங்கு, தங்கம், இன்னும் ஐந்து எண்தான், உனக்கு நாளைக்கு வெல்லம் போட்டுக் கூழ், வேண்டாம், கூழ் வேண்டாம், வேறு ஏதாவது. பத்து, இரட்டைக்கிளவியில் மிகாது, சலசல, படபட. என் நெஞ்சும் அதையே சொல்கிறது. ஒன்று ஐம்பத்தொன்பது. பதினொன்று. கீழே இப்போது அடிக்கப் போகிறார்கள், பழனிவேல் அண்ணன் சுத்தியலை எடுத்தால் பட்டறைக் கூரை இரண்டு விரல் எழும்பி உட்காரும், அதற்குமேல் நான் அன்மொழி சொன்னாலும் அரைமொழி சொன்னாலும் ஒன்றுதான். பன்னிரண்டு. டங்கு வரவில்லை. பதின்மூன்று. இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை, கடிகாரம் ஓடிவிட்டதா, யாருக்காவது கையில் அடிபட்டுவிட்டதா. படிக்கிற வாய் படித்துக்கொண்டிருக்க, ஒரு காது மட்டும் ஜன்னல் வழியாகக் கீழே இறங்கிப் போகிறது. கீழே என் வீட்டுக்காரர் குரல், குசுகுசு இல்லை, முழுக்குரல். “அதெல்லாம் அப்பறம், மொதல்ல சொல்லுங்கண்ணா, வேலை கொடுன்னா என்ன, வேலைக் கொடுன்னா என்ன?” பழனிவேல் அண்ணன், “ரெண்டும் ஒன்னுதானப்பா, விடு, மணியாச்சு.” “ரெண்டும் எப்பிடி ஒன்னு? சொல்லிப்போட்டுச் சுத்தியத் தொடுங்க.” இன்னொருத்தர், “அப்ப பழனிவேலைக் கொடுன்னு யாராச்சும் கேட்டா?” “கொண்டு போயிருங்க, திருப்பித் தர வேண்டாம்!” பட்டறையே சிரிக்கிறது. சுத்தியல் இன்னும் எழும்பவில்லை. பாவி மனிதா. கீரைக் கடைசல் தின்கிற என் ராசா.

பதினான்கு, கடைசி. விளித்தொடரில் மிகாது. அதாவது ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லும்போது. எடுத்துக்காட்டு... “அம்மா தா!” தொட்டிலிலிருந்து. முழித்துவிட்டாள், எதைத் தா என்று அவளுக்கே தெரியாது, முழித்ததும் முதலில் கேட்டு வைத்துவிடுவாள், பிறகுதான் எதை என்று தேடுவாள். நான் அப்படியே நின்றேன். அழிக்கலாமா. அழித்தால் மறுபடி முதலிலிருந்து. அம்மா தா. அம்மாவைக் கூப்பிட்டுத் தா என்கிறாள். நடுவில் த் இல்லை. அம்மாத் தா என்று அவள் கேட்கவில்லை, கேட்கவே மாட்டாள், இரண்டு வயதில் இலக்கணம் தின்றவள் அல்லவா. “அம்மா தா” என்று நானும் போனுக்குள் சொன்னேன், “விளித்தொடர். மிகாது.” அவள் தொட்டிலிலிருந்து, “அம்மா தல காணோம்!” என்றாள். அதையும் விட்டுவிட்டேன். முற்றும், என்று நான் சொல்லவும் டங்கு விழவும் சரியாக இருந்தது, பதிவின் கடைசிச் சத்தம் பழனிவேல் அண்ணனுடையது. தலையை வெளியே எடுத்து அனுப்பினேன். வட்டம் சுற்றுகிறது. ஆதினி இடுப்பில். சுற்றுகிறது. இரண்டு ஆறு. சுற்று, சாமி, சுற்று, நின்றுவிடாதே. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்தேன், அங்கே கொஞ்சம் நன்றாக எடுக்கும், கீழேயிருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்து மழை வருதாம்மிணி என்று கேட்டார். இரண்டு எட்டு. போய்விட்டது. ஒரு டிக். இரண்டு டிக். இரண்டும் நீலம். நான் ஆதினியைத் தட்டாமாலை சுற்றினேன், அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, இன்னொருக்கா என்றாள்.

இரண்டு பதின்மூன்றுக்குக் குரல் வந்தது, பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. “அக்கா, வந்துருச்சு. ஏறிட்டேன். முழுசும் இருக்கான்னு முதலையும் கடைசியையும் மட்டும் தள்ளிக் கேட்டேன், நடுவுல இருக்கறத பஸ்ல அஞ்சு மணி நேரமும் கேட்டுட்டே போவேன். ரீட்டா பக்கத்துலதான் நிக்கிறா, பஸ் ஏத்திவிட வந்தா, ஊறுகாய்ன்னு காலேலேர்ந்து ஏழு தடவை சொல்லிட்டா, தாங்க முடியல. விளித்தொடருக்குப் புத்தகத்து எடுத்துக்காட்டு வேண்டாம்க்கா, பாப்பா சொன்னதையே சொல்லப் போறேன், அது சாகிற வரைக்கும் மறக்காது. தல கிடைச்சுதான்னு கேட்டேன்னு சொல்லுங்க. அப்புறம் அக்கா, டீச்சர் ட்ரெய்னிங்குக்கு உளவியல்னு ஒரு புத்தகம் இருக்காம், பெருசு, ஐந்நூறு பக்கம். நாளைக்குத் தேறிருவேன், ஜூன்லேர்ந்து வேணும். கோயமுத்தூர் அம்மா படிக்கட்டுமான்னு குழுவுல கேட்டாங்க, தூக்கம் வரும்னு சொல்லிட்டேன். நீங்க படிப்பீங்கதானே?” அதற்குள் கண்டக்டர் விசில், ரீட்டாவின் குரல், ஊறுகாய், எட்டாவது தடவை, முடிந்தது.

ஐந்நூறு பக்கம். ஒரு மணிக்கு நாலு பக்கம் என்றால்... கணக்குப் போட வேண்டாம். இனிமேல் கூழ் சமையல்கட்டிலேயே, பக்க எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கம். ஒரு மணிக்கு அப்பளம் இல்லை, அந்தச் சட்டம் நீடிக்கிறது. ஆனால் இப்போது மணி இரண்டரை. அதே குண்டானை இறக்கி வைத்துவிட்டு வாணலியை ஏற்றி ஆறு அப்பளம் பொரித்தேன், நாலைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் கயிறு கட்டி ஜன்னல் வழியாகக் கீழே விட்டேன், மஞ்சளும் பச்சையுமாக ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. டங்கு நின்றது. நொறுக்கென்று ஒரு சத்தம், நொறுக், நொறுக், பட்டறை முழுக்க. ஆதினி தன் அப்பளத்தை முடித்துவிட்டு என் கையில் இருந்ததைப் பார்த்தாள். “அம்மா தா” என்றாள். கொடுத்தேன். எனக்கு மிகவில்லை.